அரை அங்குலக் குழாய்

ஏப்ரல் 3, வியாழன்

இழப்பு: 38 லிட்டர்.

பதினொரு வருடமாக இந்தத் தொழிற்சாலையில் எனக்கு ஒரே வேலைதான். உள்ளே போகும் ஹெக்ஸேன் என்ற பெட்ரோல் மாதிரியான கரைப்பான் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது. ஊரில் கேட்பவர்களிடம் என் மனைவி வடிவு, "அவுக பூவுல இருந்து செண்டு எடுக்க கம்பெனியில பெரிய ஆபீசரு" என்று சொல்லி வைத்திருக்கிறாள். நாங்கள் எடுப்பது செண்டு இல்லை. செண்டுமல்லிப் பூவிலிருந்து கெட்டியான ஓர் எண்ணெய். அது கோழித் தீவனத்துக்குப் போகிறது. அதைத் தின்ற கோழி இடும் முட்டையில் மஞ்சள் கரு நல்ல மஞ்சளாக இருக்கும். இந்த விவரத்தை எங்கள் ஊர் அம்பாசமுத்திரத்தில் யாரிடமும் நான் விளக்கியதில்லை.

பூவைப் புளிக்கவைத்து, காயவைத்து, குச்சி குச்சியாக அழுத்தி, மூடிய தொட்டியில் போட்டு ஹெக்ஸேனால் கழுவுவோம். எண்ணெய் அதில் கரைந்து வரும். பிறகு நீராவியால் சூடாக்கினால் ஹெக்ஸேன் ஆவியாகப் பிரிந்துவிடும், எண்ணெய் அடியில் தங்கும். அந்த ஆவியைக் கண்டென்சருக்குள் விட்டு, சில்லர் என்னும் குளிர்விக்கும் எந்திரத்திலிருந்து வரும் ஏழு டிகிரி குளிர்ந்த தண்ணீரால் குளிரவைத்தால் மறுபடியும் ஹெக்ஸேனாகச் சொட்டித் தொட்டிக்கே திரும்பும். மறுநாள் அதே ஹெக்ஸேனால் அதே கழுவல். நாளொன்றுக்கு நாற்பது லிட்டருக்குள் இழப்பை நிறுத்துகிறவன் நல்ல ஆள். நான் பதினொரு வருடமாக நல்ல ஆள்.

என் அறைக்கு ஏ.சி. கேட்டு நான்காவது முறை அனுப்பிய விண்ணப்பம் இன்று திரும்பி வந்தது. மேலாளர் பதவிக்குக் கீழே ஏ.சி. கிடையாதாம். தகரக் கூரை. மதியம் இரண்டு மணிக்கு உள்ளே நாற்பத்தொரு டிகிரி.

ஏப்ரல் 5, சனி

இழப்பு: 40.

பழைய இரும்புக் குவியலில் ஒரு லாரி ரேடியேட்டர் கிடந்தது. ஓட்டை இல்லை. அதற்குள் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டு, பின்னால் ஒரு மேசை விசிறியை வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். இப்படி யோசிக்கிறவர்கள் இந்த நிறுவனத்தில் குறைவு.

கண்டென்சர் ஆப்பரேட்டர் நாச்சிமுத்துவைக் கூப்பிட்டேன். ஐம்பத்திரண்டு வயது. தொழிற்சாலை தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறார். சில்லர் லைனிலிருந்து அரை அங்குலக் குழாய் ஒன்றை என் அறைவரை இழுக்கச் சொன்னேன்.

"இழுத்துடலாமுங்க சார். கண்டென்சருக்குத் தண்ணி பத்தாமப் போயிருமுங்களே."

"அரை இஞ்ச்தான் நாச்சிமுத்து. மெயின் லைன் மூணு இஞ்ச்."

கண்டென்சரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு "சரிங்க சார்" என்றார். அவருடைய "சரிங்க சார்" எப்போதும் சற்றுத் தாமதமாகத்தான் வரும்.

ஏப்ரல் 7, திங்கள்

இழப்பு: 61. வெயில்.

அறையில் இருபத்து நான்கு டிகிரி. பதினொரு வருடத்தில் முதல் முறையாக மதியம் என் கையெழுத்து நேராக வந்தது. வியர்வை படாத காகிதத்தில் எழுதுவது தனிச் சுகம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இழப்பு: 66. வெயில்.

ஏப்ரல் 10, வியாழன்

இழப்பு: 72. வெயில் என்று மட்டும் சொல்ல முடியாது. கண்டென்சரின் இரண்டு பக்க மூடிகளுக்கும் கசிவைத் தடுக்கும் புது கேஸ்கெட் போடச் சொன்னேன். பழைய கேஸ்கெட்டுகளில் ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் போட்டோம்.

மதியம் வடிவு வீடியோவில் வந்தாள். "என்ன இது, பங்குனி வெயில்ல ஸ்வெட்டரு? காய்ச்சலா?" என்றாள். அறையின் குளிர்ச்சியைக் காட்டினேன். "ஆபீசருன்னா இப்படித்தான் இருக்கணும்" என்றாள். அவள் தம்பியையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

மாலையில் நாச்சிமுத்து பதிவேட்டில் கையெழுத்து வாங்க வந்தார். ரேடியேட்டர் முன்னால் நின்றுகொண்டு, "சார் ரூம்பு நல்லாக் குளுகுளுன்னு இருக்குதுங்க. அங்க கண்டென்சருதான் கொதிச்சுக் கெடக்குதுங்க" என்றார். மனிதர் மனம்விட்டுப் பேசுவதே அபூர்வம். அறையைப் பாராட்டியதற்கு நன்றி சொன்னேன்.

ஏப்ரல் 12, சனி

இழப்பு: 75.

பொது மேலாளர் சௌந்தரவல்லி மேடம் இழப்பைப் பற்றிக் கேட்க என் அறைக்கு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஆவுடையப்பன், இது என்ன?"

விளக்கினேன். மேடம் ரேடியேட்டருக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்களை மூடிக்கொண்டார். அவர் அறை ஏ.சி. பழுதாகி ஐந்து வாரம் ஆகிறது. பழுது பார்க்கும் அனுமதி தலைமை அலுவலகத்தில் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பத்து நிமிடம் கழித்துக் கண்ணைத் திறந்தார்.

"என் ரூமுக்கும் ஒரு லைன் இழுத்துடுங்க. என்னோடது பெரிய ரூம். முக்கால் இஞ்ச் போடுங்க."

இழப்பைப் பற்றிக் கேட்க மறந்து போய்விட்டார். உதவி மேலாளர் பதவிக்கு மே மாதம் நேர்முகம் இருக்கிறது என்பதை இங்கே சும்மா குறித்து வைக்கிறேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. ஆலை ஓடவில்லை. இழப்பும் இல்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

இழப்பு: 118.

மேடம் அறையில் குளிர்ச்சி பிரமாதம். இன்னொரு ரேடியேட்டரை சத்தியமங்கலத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் பிடித்தோம்.

ஒரு தாளில் கணக்குப் போட்டேன். சில்லர் தரும் குளிர் இவ்வளவு, ரேடியேட்டர்கள் எடுப்பது இவ்வளவு, கண்டென்சருக்கு மிச்சம் இவ்வளவு. கணக்கில் ஏதோ பிழை. தாளைக் கிழித்துவிட்டேன்.

ஏப்ரல் 16, புதன்

இழப்பு: 121.

மறுபடியும் கணக்குப் போட்டேன். அதே பிழை வந்தது.

ஏப்ரல் 17, வியாழன்

இழப்பு: 124.

தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வேதாசலம் என்ற அதிகாரி வந்திருக்கிறார். முன்பு காவல் துறையில் ஆய்வாளராக இருந்தவர். ஆவி, குளிர்ச்சி என்று நான் ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பாருங்க சார், இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல நான் ஒண்ணு கத்துக்கிட்டேன். ஒரு பொருள் காணோம்னா, அதை ஒருத்தன் எடுத்திருக்கான். ஆவியாப் போச்சுன்னு எந்த ஸ்டேஷன்லயும் எஃப்.ஐ.ஆர். போட்டதில்லை."

விருந்தினர் அறையில் மின்விசிறிதான் இருக்கிறது. என் அறைக்குள் வந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. தன் பெட்டி, கோப்புகள், ஒரு சிறு பிள்ளையார் படம் எல்லாவற்றையும் கொண்டுவந்து என் மேசையின் பாதியில் பரப்பினார். விசாரணை முடியும்வரை இங்கேயே உட்காரப் போகிறாராம்.

"இன்னும் கொஞ்சம் கூலிங் வைக்க முடியுமா?" என்றார்.

வால்வை முழுதாகத் திறந்தேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

இழப்பு: 149.

காலை முதல் மாலை வரை என் அறையில் விசாரணை. ஒவ்வொருவராக வந்தார்கள். பூவைக் கிளறிப் புளிக்கவைக்கும் பூக் களத்துப் பெண்கள் இருபது பேரும் வந்தார்கள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஆனால் யாரும் சீக்கிரம் எழுந்து போகவும் இல்லை. ஒரு பெண் தனக்கு இன்னும் சில விஷயங்கள் ஞாபகம் வரலாம் என்று சொல்லி மதியம் மறுபடியும் வந்து உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 19, சனி

இழப்பு: 151.

வாசலில் காவலாளி நாச்சிமுத்துவின் வண்டியை நிறுத்தியிருக்கிறார். பின்னால் பத்து லிட்டர் கேன். வேதாசலம் என் அறையிலிருந்து ஓடினார். அவர் இந்த அறையை விட்டு ஓடி நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

"இதுல என்னய்யா?"

"எருமைக்குங்க. கேன்டீன்ல அரிசி கழுவுன தண்ணிங்க."

"தினமும் எடுத்துட்டுப் போறியா?"

"எருமை தினமும் குடிக்குதுங்களே."

வேதாசலம் கேனைத் திறந்து முகர்ந்தார், என்னையும் முகரச் சொன்னார். அரிசித் தண்ணீர் வாசனைதான், கொஞ்சம் புளித்திருந்தது. "கலந்து எடுத்துட்டுப் போறதுக்கு வாய்ப்பு இருக்கா?" என்று கேட்டார். ஹெக்ஸேன் தண்ணீரில் கலக்காது, எண்ணெய் போல மேலே மிதக்கும், இதில் எதுவும் மிதக்கவில்லை. இதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும்.

"லேபுக்கு அனுப்பிப் பார்க்கலாம் சார்" என்று சொன்னேன்.

நாச்சிமுத்து என்னைப் பார்த்தார். கண்டென்சரைப் பார்க்கும் அதே பார்வை.

ஏப்ரல் 21, திங்கள்

இழப்பு: 153.

ஆய்வகத்தின் அறிக்கை வந்தது. "மாதிரியில் கரைப்பான் இல்லை. மாவுச்சத்து உண்டு. சோற்றுப் பருக்கை: நான்கு."

வேதாசலம் அதை இரண்டு முறை படித்தார். கடைசியில், கம்பெனிப் பொருளை அனுமதி இல்லாமல் தினமும் வெளியே கொண்டுபோனது குற்றம்தான், விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று உத்தரவு எழுதினார். உத்தரவை நாச்சிமுத்துவிடம் கொடுக்கும் வேலை எனக்கு. அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்துவிட்டு, கேட்டார்: "சாவியை யாருகிட்டங்க குடுக்கறது?"

பாய்லரிலிருந்து ஓர் ஆளைக் கண்டென்சருக்கு மாற்றியிருக்கிறோம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

எழுத எதுவும் இல்லை.

ஏப்ரல் 23, புதன்

இழப்பு: 236.

நாச்சிமுத்து போனதும் இழப்பு குறையும் என்று வேதாசலம் சொல்லியிருந்தார். கூடியிருக்கிறது. கூட்டாளிகள் இருக்கிறார்கள் என்கிறார்.

ஏப்ரல் 24, வியாழன்

காலை பதினொன்றே காலுக்கு வாயு எச்சரிக்கை மணி அடித்தது. பதினொரு வருடத்தில் சோதனைக்காக அல்லாமல் அது அடித்ததில்லை. என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரு நிமிடம் தெரியவில்லை. பிறகு ஓடினேன்.

கண்டென்சர் சூடாகிக் கிடந்தது. ஹெக்ஸேன் ஆவி குளிராமல், மேலே உள்ள போக்குக் குழாய் வழியாக அப்படியே வெளியே போய்க்கொண்டிருந்தது. அது காற்றைவிடக் கனம். கீழே இறங்கி, தரையோடு தரையாக நகர்ந்து, பூக் களத்தைத் தாண்டிக் கேன்டீன் பக்கம் போயிருக்கிறது. கேன்டீனில் மூன்று அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

சமையல்காரர் மணிச் சத்தம் கேட்டதும் எதையும் யோசிக்காமல் அடுப்புகளை அணைத்துவிட்டு, காஸ் சிலிண்டரையும் மூடிவிட்டார். நான் நீராவியை நிறுத்தினேன். எல்லாரையும் வெளியே அனுப்பி, வேப்பமரத்தடியில் நிறுத்தி எண்ணினோம். ஒருவர் குறைந்தார். வேதாசலம். அவர் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, முக்கிய ஆவணங்களை விட்டு வர முடியாது என்று உள்ளேயிருந்து சொன்னார். ஆவணங்கள் என்றால் சோற்றுப் பருக்கை அறிக்கைதான். கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

மதியம் எல்லாருக்கும் அரைவேக்காட்டுச் சோறு. யாரும் குறை சொல்லவில்லை. ஒரு பெண், "சார், இன்னும் ஸ்வெட்டரக் கழட்டலீங்களா? குளுருதுங்களா?" என்று கேட்டாள். வேப்பமரத்தடியில் நாற்பது டிகிரி.

ஏப்ரல் 25, வெள்ளி

ஆலை ஓடவில்லை. பழைய பதிவேடுகளைப் புரட்டினேன்.

ஏப்ரல் 7ஆம் தேதியிலிருந்து நாச்சிமுத்து நீராவியைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வந்திருக்கிறார். மதிய வெயிலில் இன்னும் குறைத்திருக்கிறார். கண்டென்சரால் தாங்க முடிந்த அளவுக்கு மட்டும் ஆவியை அனுப்பி, மிச்ச வேலையை மாலைக்குத் தள்ளி, தினமும் இரண்டு மணிநேரம் கூடுதலாக நின்றிருக்கிறார். கூடுதல் நேரம் என்று எங்கும் எழுதவில்லை. அப்படி அவர் செய்துமே இழப்பு நூற்றைம்பது. செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நேற்றுப் பார்த்துவிட்டோம்.

ஒவ்வொரு பக்கத்தின் கீழும் என் கையெழுத்து இருக்கிறது. நேராக, வியர்வை படாமல்.

ஏப்ரல் 27, ஞாயிறு

புளியம்பட்டி போகும் வழியில் நாச்சிமுத்துவின் வீடு. ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனேன். அவர் மனைவி மயிலாத்தாள் வாசலில் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். உள்ள வந்து ஒக்காருங்க. எங்கூட்டுல ஏசி இல்லீங்க."

உட்கார்ந்தேன். நாச்சிமுத்து தோட்டத்திலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். மணி அடித்ததைச் சொன்னேன். யாருக்காவது ஏதாவது ஆயிற்றா என்று முதலில் கேட்டார். இல்லை என்றதும்தான் நாற்காலியில் சாய்ந்தார்.

"புது ஆளு நீராவியக் கொறைக்கலீங்களா?"

"அவருக்குத் தெரியாது. எனக்கே முந்தாநாள்தான் தெரிஞ்சுது."

மயிலாத்தாள் மோர் கொண்டுவந்தார். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"ஏனுங்க சார், நான் ஒண்ணு கேக்கட்டுங்களா? குளுந்த தண்ணி உங்க ரூம்புக்கும் அந்த மேடத்து ரூம்புக்கும் போச்சுதுங்க. அதனால அந்த மருந்து காத்துல போச்சுதுங்க. அதை எங்கூட்டுக்காரரு எடுத்துட்டாருன்னு சொல்லி அனுப்பிச்சிட்டீங்க. நான் சொல்றது சரிங்களா? நான் அஞ்சாவதுதான் படிச்சேனுங்க. தப்பா இருந்தாச் சொல்லுங்க."

"மயிலா, சும்மா இரு," என்றார் நாச்சிமுத்து.

"சரிதாம்மா," என்றேன். இரண்டு வாரமாகக் கிழித்துப் போட்ட கணக்கு ஒரு டம்ளர் மோரோடு முடிந்துவிட்டது.

"நீங்க ரெண்டு தடவை சொன்னீங்களே நாச்சிமுத்து. மூணாவது தடவை ஏன் சொல்லலை?"

நாச்சிமுத்து விரல் விட்டு எண்ணினார். "மொதத் தடவை சொன்னப்ப லைன் போடச் சொன்னீங்க. ரெண்டாவது தடவை சொன்னப்ப தேங்க்ஸ் சொன்னீங்க. மூணாவது சொன்னா என்ன சொல்வீங்களோன்னு விட்டுட்டனுங்க."

கிளம்பும்போது எருமை என் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஏப்ரல் 28, திங்கள்

காலை பத்து மணிக்கு என் அறையில் கூட்டம். மேடம், வேதாசலம், நான். விசாரணை அறிக்கையை முடிவு செய்யும் கூட்டம். மேடம் சால்வை போர்த்தியிருந்தார். வேதாசலம் மப்ளர் சுற்றியிருந்தார்.

"முடிவுரை எழுதிட்டேன்" என்றார் வேதாசலம். "போலீஸ்ல புகார் கொடுக்கலாம்னு சிபாரிசு."

நான் எழுந்து போய் ரேடியேட்டர் வால்வை மூடினேன். விசிறியையும் நிறுத்தினேன். அவ்வளவு நாள் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றதும் அறை வேறு அறை மாதிரி ஆகிவிட்டது.

"என்னாச்சு, கரண்ட் போச்சா?" என்றார் வேதாசலம்.

"இல்லை சார். ஹெக்ஸேனை எடுத்தது இதுதான். இதைப் போடச் சொன்னது நான். நாச்சிமுத்து வேண்டாம்னு சொன்னார். நான் கேக்கலை."

ஏழாம் தேதியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கழனித்தண்ணீர்க் கேனை முகர்ந்தபோது சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். மேடம் அறைக் குழாயைப் பற்றி மட்டும் வாய் வரவில்லை. நான் நிறுத்தியதும் மேடம் சால்வையை எடுத்து மடித்து மடியில் வைத்தார்.

"என்னோடதையும் சொல்லுங்க ஆவுடையப்பன். பதினஞ்சாம் தேதி என் ரூமுக்கு லைன் வந்துச்சு, அன்னிக்கே எழுபத்தஞ்சு நூத்திப் பதினெட்டு ஆச்சு. நானும் கெமிக்கல் இன்ஜினியர்தான். நானும் கணக்குப் போட்டேன்."

"அப்புறம் ஏன் மேடம் எதுவும் சொல்லலை?"

"நீங்க ஏன் சொல்லலையோ அதுக்குத்தான். முக்காவாசி உங்க லைன்தான் காரணம்னு ஒரு கணக்கு வெச்சிருந்தேன்."

"என் கணக்குல முக்காவாசி உங்க லைன் மேடம்."

வேதாசலம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ரேடியேட்டரைப் பார்த்தார். மப்ளரை மெதுவாகக் கழற்றினார்.

"அப்படின்னா நான் பதினோரு நாளா திருடன்கிட்டயே காத்து வாங்கிக்கிட்டு இருந்திருக்கேனா?"

அதற்குள் அறையில் முப்பத்தைந்து டிகிரி.

அவருக்கு இன்னும் முழு நம்பிக்கை இல்லை. இரண்டு குழாயையும் மூடிவிட்டு ஒருநாள் ஓட்டிக் காட்டச் சொன்னார். நாச்சிமுத்து இல்லாமல் ஓட்ட மாட்டேன் என்றேன். இந்த நிறுவனத்தில் நான் மறுத்துச் சொன்ன முதல் வாக்கியம் இது. மேடம் தன் வண்டியை அனுப்பி அவரை அழைத்துவரச் செய்தார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

இரண்டு வால்வும் மூடி, பூட்டுப் போட்டு, சாவியை வேதாசலம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மதியம் இரண்டு மணிக்கு அந்தச் சாவியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதைக் கவனித்தேன். ஆனால் எடுக்கவில்லை. நல்ல மனிதர்தான்.

நாச்சிமுத்து கண்டென்சர் குழாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, நீராவியைப் பழைய அளவுக்குத் திறந்தார். மாலை ஐந்தரைக்கு வேலை முடிந்தது. தொட்டிக்குள் அளவுகோலை இறக்கி எடுத்து வேதாசலத்திடம் நீட்டினார். வேதாசலத்துக்குப் படிக்கத் தெரியவில்லை. நாச்சிமுத்து விரலை வைத்துக் காட்டினார்.

இழப்பு: 37 லிட்டர்.

மே 2, வெள்ளி

வேதாசலம் இன்று சென்னைக்குக் கிளம்பினார். போகும் முன் நாச்சிமுத்துவை வேலைக்கு வர வேண்டாம் என்ற உத்தரவை அவர் முன்னாலேயே கிழித்தார். பிறகு வேறொரு தாளை எடுத்து, "மேற்படி ஊழியர் கேன்டீனில் அரிசி கழுவிய தண்ணீரை நாள்தோறும் பத்து லிட்டர்வரை எடுத்துச் செல்ல அனுமதிக்கப்படுகிறார்" என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். நாச்சிமுத்து அதைப் படித்துவிட்டு, எருமை ஈன்ற பிறகு பதினைந்து லிட்டர் தேவைப்படும் என்றார். வேதாசலம் திருத்தி எழுதிக் கொடுத்தார்.

மே 5, திங்கள்

உத்தரவு வந்துவிட்டது. உதவி மேலாளர் நேர்முகப் பட்டியலில் என் பெயர் இல்லை. ஆறு மாதத்துக்கு நான் பூக் களத்துப் பொறுப்பாளர். மேடத்துக்குத் தலைமை அலுவலகம் கண்டனக் கடிதம் அனுப்பியிருக்கிறது. அதோடு சேர்த்து ஏ.சி. பழுது பார்க்கும் அனுமதியும் அதே உறையில் வந்திருக்கிறது. நான் பார்த்துவந்த ஹெக்ஸேன் மீட்புப் பிரிவின் தற்காலிகப் பொறுப்பு நாச்சிமுத்துவுக்கு.

வடிவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போனில் கடைசிவரை கேட்டுக்கொண்டாள்.

"அந்த மனுஷன்கிட்ட மன்னிப்புக் கேட்டீகளா?"

யோசித்துப் பார்த்தேன். எல்லாரிடமும் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன். அதை மட்டும் கேட்கவில்லை.

"கேக்கலை."

"அதை மொதல்ல கேளுங்க. பொறவு பேசுதேன்" என்று வைத்துவிட்டாள்.

மே 7, புதன்

பூக் களம். ஆறு குழிகளில் நாற்பது டன் பூ புளித்துக்கொண்டிருக்கிறது. அந்த வாடையை வர்ணிக்க எனக்குச் சக்தி இல்லை. பெண்கள் அதன் நடுவில் உட்கார்ந்து தக்காளிச் சோறு சாப்பிடுகிறார்கள். எனக்கும் கொடுத்தார்கள். முதல் வாய் இறங்கவில்லை. நான்காவது வாயில் நன்றாக இருந்தது.

இரண்டு முறை கண்டென்சர் பக்கம் போனேன். இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டேன்.

மே 9, வெள்ளி

மதியம் நாச்சிமுத்துவே களத்துக்கு வந்தார். கையில் ஒரு கடிதம். வெயிலில் நின்றபடியே நீட்டினார்.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது. வேறு ஏதோ பிரிவு. நடந்த விசாரணையைப் பற்றி அவர்களுக்கு எதுவும் தெரிந்ததாகத் தெரியவில்லை. ஏப்ரல் கடைசியில் ஹெக்ஸேன் இழப்பு திடீரென்று குறைந்திருக்கிறதாம். குறைந்ததற்குக் காரணம் என்ன, புதிய பொறுப்பாளர் என்ன முன்னேற்றம் செய்தார் என்று மூன்று நாளில் விளக்கம் தர வேண்டுமாம்.

"நான் ஒண்ணும் முன்னேத்தலீங்களே சார். ரெண்டு வால்வை மூடுனனுங்க. அவ்வளவுதானுங்க."

"அதையே எழுதுங்க."

"எழுதுனா உங்க பேரு வருமுங்களே."

"வரட்டும்."

"மேடமும் வந்து அப்படியேதாங்க சொல்லிட்டுப் போனாங்க." சட்டைப்பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்தார். ஏற்கெனவே எழுதித்தான் வைத்திருந்தார். நான் சம்மதிக்கிறேனா என்று கேட்கத்தான் வந்திருக்கிறார். வாங்கிப் படித்தேன்.

"ஆவுடையப்பன் சார் அவர்கள் அறைக்கும், பொது மேலாளர் மேடம் அவர்கள் அறைக்கும் தவறுதலாகச் சென்றுகொண்டிருந்த குளிர்நீர் நிறுத்தப்பட்டது. அதனால் இழப்பு குறைந்தது."

இரண்டு முறை படித்தேன். பேனாவைக் கேட்டு வாங்கி, "தவறுதலாக" என்ற வார்த்தையை அடித்தேன்.

"அது தவறுதலா போகலை நாச்சிமுத்து. நான் தெரிஞ்சேதான் விட்டேன். உங்களை வெளிய அனுப்பினப்பவும் தெரிஞ்சேதான் இருந்தேன். என்னை மன்னிச்சிடுங்க."

அவர் எப்போதும் போலத் தாமதித்தார். களத்தில் பெண்கள் கிளறுவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரிங்க சார்" என்றார்.

பிறகு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடிச்சுத் திருத்துன பேப்பரு ஆபீசுக்குப் போனா அசிங்கமுங்க" என்று சொல்லி, சுவரோரம் நிழலில் உட்கார்ந்து, முட்டியில் பதிவேட்டை வைத்து, புதுத் தாளில் முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார். நான் குனிந்து பார்த்தேன். "தவறுதலாக" இல்லை. "சார் அவர்கள்" மட்டும் அப்படியே இருந்தது.